முடுக்கைத் தாண்டிப் போன வயர்

அவள் கைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முகம் எனக்கு இப்போது கொஞ்சம் கலங்கலாகத்தான் நினைவுக்கு வருகிறது. கைகள் அப்படியே இருக்கின்றன. மெலிந்த, கறுத்த, நகத்தை ஒட்ட வெட்டிய கைகள். மருதாணி வைத்தால் காயும்வரை பொறுக்க மாட்டாள். எதையாவது எடுக்கப் போவாள். உள்ளங்கையில் வட்டமாக வைத்தது இழுபட்டு வால் முளைத்து நிற்கும். பெருநாளைக்கு ஊர்ப் பெண்கள் கையிலெல்லாம் நிலா, இவள் கையில் மட்டும் வால்வெள்ளி என்று நாங்கள் சிரிப்போம்.

அக்கா முறைக்கு லாத்தா, லாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பாயின் ஓரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுவாள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கோரை ஒரு பக்கம் கழன்று வரும்.

"ஏளா, அது பாயி. ஒன் தலமுடி இல்ல" என்று கையில் ஒரு தட்டுத் தட்டுவேன்.

"பாருங்க லாத்தா, இங்கன முடிச்சு சரியில்ல."

"நல்லா இருந்த முடிச்சுதானளா அது. நீ கை வச்ச பொறவுதான் சரியில்ல."

சிரிப்பாள். கை நிற்காது.

எங்கள் வீட்டு மிக்ஸி ஒருநாள் நின்றுபோனது. வந்தாள், குப்புறப் போட்டாள், கத்தி முனையால் நாலு திருகாணியைக் கழற்றினாள், உள்ளே அடைத்திருந்த தேங்காய்ப் பூவைத் தோண்டி எடுத்தாள், ஓடவிட்டாள். ஓடியது. நான் சந்தோஷமாகத் துவையலுக்குப் பருப்பு வறுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், மிக்ஸி மறுபடியும் குப்புறக் கிடக்கிறது.

"இப்பதானளா ஓடிச்சு?"

"ஓடிச்சு. உள்ள ஒரு கிறுகிறு சத்தம் கேட்டுதுல்லா. ஓடுதுன்னா சரியா இருக்குன்னு அர்த்தமா லாத்தா?"

இதுதான் அவள் வாய்ச்சொல். ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தும் சொல்வாள், எரிகிற அடுப்பைப் பார்த்தும் சொல்வாள். அன்றைக்கு அந்த மிக்ஸி ஐந்து முறை ஓடியது, ஐந்து முறை குப்புறக் கிடந்தது. கடைசியில் சத்தம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் நாங்கள் அன்றைக்குத் துவையல் இல்லாமல்தான் சாப்பிட்டோம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவள் பிள்ளைகள் பெரிய இடங்களில் சம்பந்தம் செய்திருக்கிறார்கள். என் வாயால் ஒன்றும் வர வேண்டாம். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆறு கடலைப் பார்த்து இறங்குகிற பக்கம். எங்களில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் வருவார். இரவு பெண்டாட்டி வீட்டில், காலைத் தேயிலை உம்மா வீட்டில். ஆண்பிள்ளைக்கு எப்போதும் இரண்டு வாசல். இரண்டு வாசலிலும் இரண்டு பெண்கள் நின்று, யார் வாசலில் செருப்பு அதிக நேரம் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அவள் வீட்டுக்கும் அவள் மாமியார் வீட்டுக்கும் நடுவில் பெண்கள் மட்டும் நடக்கிற ஒரு முடுக்கு. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்க மதிலும் தொடும். முடுக்கின் வாயில் என் வீடு. ஆகவே அந்த இரண்டு வீட்டு வழக்கும் என்னைத் தாண்டாமல் போக முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சவுதியில் கதவு செய்கிற பட்டறையில் இருந்தார். டிவி ஒரு வருஷம் வந்தது, கேசட் போட்டுப் படம் பார்க்கிற டெக் ஒரு வருஷம், மொட்டைமாடியில் டிஷ் ஒரு வருஷம். அப்புறம் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கறுத்த பெட்டி கப்பல் சாமானோடு வந்து சேர்ந்தது. எல்லா மிஷினும் இந்தப் பெட்டிக்குள் வரும், இதிலிருந்து டிவிக்குப் போகும், குமிழைத் திருகினால் வேண்டியது தெரியும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். முன்பக்கம் பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி அடக்கம். பின்பக்கத்தைத் திருப்பினால் இடியாப்ப அச்சு. அத்தனை ஓட்டை.

மெக்கானிக் ஒருவனை வரவழைத்தோம். ஆண்கள் இல்லாத வீடு. டிவி இருப்பதோ பெண்கள் புழங்குகிற உள்ளறை. அவன் முன்னறையில் திரைக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட வேண்டும். நாங்கள் உள்ளே செய்ய வேண்டும்.

"மஞ்சள் பின்னு படத்துக்கு. செவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சள மஞ்சள்ல குடுங்கக்கா!"

"இங்கன எட்டு மஞ்சள் இருக்குப்பா. எந்த மஞ்சள்?" என்றேன் நான்.

"ஆச்சி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. அக்காவப் பேசச் சொல்லுங்க."

ஆச்சியாம். எனக்கு அப்போது ஐம்பதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு அவன் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஒரு மணி நேரம் கத்திவிட்டு, "உள்ள விட்டா அஞ்சு நிமிசத்து வேல. விடமாட்டீங்க. நான் என்ன செய்ய?" என்று தேயிலையைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவள் பெட்டிக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தடுக்க இனி ஆள் இல்லை.

எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவாள். டெக்கின் முதுகில் 'அவுட்' என்று எழுதிய ஓட்டையையும் பெட்டியின் முதுகில் 'அவுட்' என்று எழுதிய ஓட்டையையும் ஒரே வயரால் இணைத்தாள். 'இன்'னுக்கு 'இன்'. படம் வரவில்லை. கழற்றினாள், துடைத்தாள், ஊதினாள், மாட்டினாள். மறுநாளும் வரவில்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு.

"ஒண்ணுக்கொண்ணு பேரு பொருந்துது லாத்தா. பின்ன என்ன கேடு?"

எனக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. என்னவென்று கேட்டேன். அவுட் என்றால் வெளியே, இன் என்றால் உள்ளே என்றாள்.

"ஏளா கிறுக்கி, மாப்பிள தன் உம்மா வாசல விட்டு வெளிய வாராரு. வந்து எங்க போவாரு? ஒன் வாசலுக்கு உள்ள போவாரு. வெளிய வந்த ஆளக் கொண்டுபோயி வெளிய போற வாசல்ல நிப்பாட்டினா, பாவம், தெருவுலல்லா நிப்பாரு?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அந்தக் கைகள் பறந்தன. டெக்கின் வெளியே, பெட்டியின் உள்ளே. டிஷ்ஷின் வெளியே, பெட்டியின் உள்ளே. கடைசியாகப் பெட்டியின் வெளியே, டிவியின் உள்ளே. டிவிக்குப் போகிற ஓட்டையில் 'மானிட்டர்' என்று எழுதியிருந்ததாம். அவள் ஆறாம் வகுப்பில் மானிட்டராக இருந்தவள். "எல்லாரையும் பாத்துக்கிடுறவ அவதான்" என்று சந்தேகமில்லாமல் அதில் மாட்டினாள். படம் வந்தது. அவள் உம்மா குலவையே விட்டார்கள். அந்த மெக்கானிக் திரைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அதோடு விட்டாளா? அடுத்த வாரமே எல்லாவற்றையும் உருவினாள். டிஷ் படத்தில் ஒரு கோடு ஓடுகிறதாம். எங்கள் கண்ணுக்கு ஒரு கோடும் இல்லை. இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு மாற்றுவாள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. ஹஜ்ஜுடைய அரஃபா நாளில் அரபு நாட்டுப் பிரசங்கம் நேராக டிஷ்ஷில் வரும் என்று தெருப் பெண்கள் எல்லாரும் நோன்போடு, முக்காட்டோடு மதியத்தில் வந்து உட்கார்ந்துவிட்டோம். குமிழைத் திருகினாள். லட்சம் பேர் வெள்ளை உடுத்து மைதானத்தில் நிற்கிறார்கள். பெரியவர் மேடையில் ஏறுகிறார். வாயைத் திறக்கிறார்.

"ஏளா, இங்கன கறி வரல! வெறுஞ்சோத்தத் திம்பமா?" என்று அவள் சின்னம்மாவின், அதாவது சாச்சியின், குரல் வந்தது.

டெக்கின் சத்த வயர்களை டிஷ்ஷின் ஓட்டையில் மாட்டி வைத்திருக்கிறாள். டெக்குக்குள் அவளுடைய கல்யாணக் கேசட் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர் கையை உயர்த்துகிறார், சாச்சி எலும்பு கேட்கிறாள். நோன்பு வைத்த வயிறு எல்லாருக்கும். சிரிப்பை அடக்கி எனக்கு விலா வலித்தது. அவள் உம்மா அவள் முதுகில் வைத்த அடி மட்டும் சரியான சத்தத்தோடு கேட்டது.

அவளுடைய மாமியாருக்கு இதெல்லாம் ஆகாது. முடுக்கில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "ஒரு எடத்துல கை நிக்காதவ குடும்பத்துல எப்படி நிப்பா?" என்பார்கள். நெடிய உருவம், கனத்த குரல். மகன் விட்டுப்போன செருப்பைக்கூட இன்னும் தன் வாசலில்தான் வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு லீவில் வந்து போனார். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம் ஆனபோது மாமனார் மவுத்தானார். நல்லபடியாக இருந்த மனிதர், தொழுதுவிட்டு வந்து சாய்ந்தார், அவ்வளவுதான். மகன் வரவில்லை. கூட வேலை பார்க்கிறவர் யாரோ போனில் "லீவு கெடைக்கல" என்று சொன்னார். பெற்ற தகப்பனை அடக்கத்துக்குக் கொண்டுபோகிற சந்தூக்கைத் தூக்க மகன் தோள் இல்லை. மாமியார் இத்தாவில் இருந்தார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளைப் புடவையும் உள்ளறையும்தான். அங்கிருந்தே அவர்கள் குரல் மட்டும் முடுக்கில் உலவும்.

"லீவு கெடைக்கலியாம்! வாப்பா மவுத்துக்கு லீவு குடுக்காத ஊரும் ஒரு ஊரா? நான் பெத்ததுல குத்தம், வேற என்ன!"

இந்தப் பக்கம் அவளுக்குக் குரல் இறங்கிவிடும். கடிதமும் அப்போது நின்றிருந்தது. பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை. கடிதம் இல்லை. நாற்பது நாள் அவளும் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டு மதிலுக்கு நடுவே ஒரு முடுக்கு. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, தாண்டக் கூடாத இரண்டு பேர். பேரனை நான்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவேன்.

பிள்ளைக்கு இருபது நாள் ஆனபோது ஒருவர் சவுதியிலிருந்து கேசட் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை வீடியோவில் பேசி அனுப்பியிருக்கிறார். "உம்மாவும் அவளும் ஒண்ணா உக்காந்து பாக்கணும்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே இருக்கிறவருக்கு இங்கே இருக்கிற சட்டம் எப்படித் தெரியும்?

முடுக்கில் சண்டை தொடங்கியது.

"பெத்தவ நான். டெக்கத் தூக்கிட்டு வரச் சொல்லு, முதல்ல நான் பாக்கேன்" என்றார்கள் மாமியார்.

"புள்ள பெத்தவ என் மவ. முதல்ல அவதான் பாக்கணும்" என்றார்கள் அவள் உம்மா.

யார் முதலில் பார்த்தாலும் இன்னொருத்தி சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். எனக்குத் தெரியாதா? நான் இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் போர்வையின் நூலை உருவிக்கொண்டிருந்தன.

"லாத்தா, பெட்டியில இருந்து வெளிய போற வாசல் இன்னும் ஒண்ணு இருக்கு."

"அதுக்கு?"

"ரெண்டாவது டெக்குக்குன்னு போட்டிருக்கான். நம்மகிட்ட ரெண்டாவது டெக் கெடையாது. அங்கன மாமி வீட்டு டிவிய மாட்டினா பெட்டிக்குத் தெரியவா போவுது?"

அந்த மெக்கானிக் கடையிலேயே படத்துக்கும் சத்தத்துக்குமாக நீளமாக வயர் வாங்கி, இரண்டு முனையிலும் பின் வைத்துத் தரச் சொன்னோம். "எதுக்கு ஆச்சி இவ்வளவு நீளம்?" என்று கேட்டான். "கொடி கட்டித் துணி காயப்போட" என்றேன். அவள் ஜன்னலிலிருந்து மதிலுக்கு மேலே, முடுக்கைத் தாண்டி, மாமியார் ஜன்னல் வரை வயரைப் போட்டவள் நான். முக்காலியில் ஏறி நின்றேன், பொய் சொல்லவில்லை. அவள் உம்மாவோ கட்டிலைச் சுற்றி வந்து, "குனியாத, நிமிராத, கரண்டுல கை வைக்காத, பால்ல எறங்கிரும்" என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போய் நின்று மாமியார் டிவியில் பின்னைச் சொருகினேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. நான் இந்தப் பக்கம் திரும்பி வந்து பார்த்தால், அவள் தெரியாமல் பெட்டியில் டெக் மாட்டியிருக்கிற வரிசையிலேயே வயரைச் சொருகியிருந்தாள்.

"சீர் கொண்டுவந்தவங்க கையிலேயே சீரத் திருப்பிக் குடுப்பாங்களா? அது குடுக்காது லாத்தா" என்று தானே சிரித்து அடுத்த வரிசைக்கு மாற்றினாள். டிஷ்ஷை வைத்துச் சோதித்தாள்.

முடுக்கைத் தாண்டி மாமியார் குரல் வந்தது. "ஏளா, யாருளா இது, எவனோ தாடிக்காரன் செய்தி வாசிக்கான்? என் மவன் எங்க?"

"இன்னா வாராரு மாமி!"

தெருவில் ஒருத்தி, இத்தாவில் இருக்கிறவள் டிவி பார்க்கலாமா என்று கேட்டாள். "பெத்த புள்ள முகத்தப் பாக்குறதுக்கு ஒன்கிட்டதான் கேக்கணுமோ?" என்றேன். போய்விட்டாள்.

சாயங்கால அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கேசட்டைப் போட்டாள். அவர் தெரிந்தார். மெலிந்திருந்தார். குளிர்காலமோ என்னவோ, ஒரு சால்வையை வலது தோளோடு சேர்த்துப் போர்த்தியிருந்தார். சலாம் சொன்னார். முடுக்கைத் தாண்டி ஒரு விம்மல் கேட்டது.

"உம்மா, வாப்பா மவுத்துக்கு நான் வரல. என்னைய மாப்பு செய்யுங்க. ஒங்க வாசல்ல வந்து நின்னு கேக்க வேண்டியத இங்கன இருந்து கேக்குதேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாப்பாவைப் பற்றிப் பேசினார், பேரனுக்கு வாப்பாவின் பெயரையே வைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகையும் துஆவும் கலந்து வந்தன. இவள் பிள்ளையை மடியில் வைத்தபடி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உம்மா தொழ எழுந்து போனார்கள்.

பிறகு, "உம்மா, இனி நீங்க எந்திருச்சு வீட்டுக்குப் போங்க. அவள்ட்ட ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பேசியிருக்கிறார். வயரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அழுகைக்கு நடுவிலும் மாமியார் சிரிப்பது கேட்டது.

"நான் என் வீட்லதான்லே இருக்கேன்! புருசன் பொண்டாட்டி பேச்சு எனக்கு எதுக்கு!" என்றார்கள். ஆனால் எழுந்த சத்தமும் இல்லை, டிவியை அணைத்த சத்தமும் இல்லை.

அவர் சால்வையைத் தோளிலிருந்து இறக்கத் தொடங்கினார். அவள் முகம் மாறியது. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. அவள் என்ன யோசித்தாளோ. கை பெட்டிக்குப் பின்னால் போனது, வயரை உருவியது. எங்கள் டிவியில் படம் இருந்தது. சால்வைக்கு உள்ளிருந்து வலது கை வந்தது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்தன. மற்ற இரண்டும் இருந்த இடத்தில் சிவந்த தோல் மட்டும்.

"பயப்படாத. மரம் அறுக்குற மிசின்ல போயிட்டு. ஆறிட்டு. லீவு கெடைக்கலன்னு சொன்னது பொய்யி. வாப்பா மவுத்தான அண்ணைக்கு நான் ஆஸ்பத்திரில மயக்கத்துல கெடந்தேன். உம்மாட்ட இப்பச் சொல்லாத. இத்தா முடியட்டும். ஒரு துக்கத்துக்கு மேல இன்னொரு துக்கத்த அவங்க தாங்க மாட்டாங்க."

முடுக்கைத் தாண்டிக் குரல் வந்தது. "ஏளா! படம் போயிட்டு!"

"வயரு விட்டுட்டு மாமி!"

"மாட்டுளா!"

"மாட்டுதேன் மாமி!"

கேசட்டை நிறுத்தினாள். கையில் அந்த வயர். அந்தக் கை அசையாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மடியில் பிள்ளை அழுதது, தேற்றக்கூடத் தோன்றவில்லை இரண்டு பேருக்கும்.

அதற்குப் பிறகு இருபது நாள். அந்த இருபது நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். காலையில் தேயிலைக்கு முன்னால் மாமியார் குரல் தொடங்கிவிடும்.

"என்னளா, வயரு சரியாச்சா?"

"இன்னும் இல்ல மாமி."

"அரஃபா நாள்ல கறிச் சண்ட போட்டியே, அது மாதிரியாவது ஏதாவது வரட்டுமே! பெரிய இஞ்சினியரு!"

அவள் உம்மாவுக்கும் விஷயம் தெரியாது. "அந்த மெக்கானிக்கையாவது கூப்பிடுளா" என்றார்கள். வேண்டாம் என்றாள். தெருவுக்குப் பேச்சுப் போய்விட்டது. மிக்ஸியை ஐந்து முறை கழற்றியவளை ஒரு வயர் தோற்கடித்துவிட்டது என்று சிரித்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. என் பக்கத்துப் பிள்ளையை ஒருத்தி கேலி பேச நான் கேட்டுக்கொண்டிருப்பதா? அவளோ கட்டிலில் உட்கார்ந்து அந்த வயரின் முனையையே பார்ப்பாள். கை அந்தப் பக்கம் போகும், பாதியில் நிற்கும், திரும்பிவந்து போர்வையைப் பிடிக்கும். போர்வையில் ஒரு மூலையே இல்லாமல் போனது.

"லாத்தா, மாமி பாவம். மவன் வரலன்னு இன்னும் ஏசுதாங்க. சொல்லிட்டா அந்த ஏச்சு நின்னுரும். சொன்னா நெஞ்சு நின்னுருமோன்னு பயமா இருக்கு. எது சரி?"

எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று நான் சொன்னதில்லை.

மாமியாருடைய இத்தா முதலில் முடிந்தது. குளித்து, வேறு புடவை உடுத்து, வாசலைத் தாண்டி அவர்கள் முதன்முதலில் வந்தது மருமகள் வீட்டுக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர்கள் வந்ததை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். பேரனை மடியில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். பின்னால் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து நின்றாள். "மாமி, ஒண்ணு சொல்லணும்..."

மாமியார் பேரனுடைய வலது கையை விரித்தார்கள். ஒவ்வொரு விரலாகத் தடவினார்கள். தலையைத் தூக்காமலேயே கேட்டார்கள்.

"கை இருக்கா? அத மட்டும் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"அவளப் பாக்காத. கேசட்ல அவன் கண்ணத் தொடச்சது எடது கை. சலாம் சொல்லி நெஞ்சுல வச்சது எடது கை. நான் வளத்த புள்ள. எடது கைய நெஞ்சுல வைப்பானா? அண்ணைக்கே தெரியும்ளா எனக்கு. கை இருக்கா?"

"இருக்கு மாமி. ரெண்டு வெரலுதான்... மவுத்தான அண்ணைக்கு ஆஸ்பத்திரில..."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்கள். "அதான வரல" என்றார்கள். மெதுவாக, இரண்டு முறை. "அதான வரல."

அவள் அழுதுகொண்டே கேட்டாள். "பின்ன எதுக்கு மாமி தெனமும் வயர மாட்டு மாட்டுன்னு ஏசுனீங்க?"

"ஏசலன்னா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ஒனக்குத் தெரிஞ்சிரும்லா? பச்ச ஒடம்புக்காரி. பால் வத்திப் போயிருமேன்னுதான்."

பிறகு மாமியார் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு எழுந்தார்கள். இங்கேயே இருந்து மீதியைப் பாருங்கள் என்று அவள் சொன்னதற்குத் தலையை ஆட்டினார்கள்.

"வேண்டாம்ளா. ஒன் வீட்ல இருந்து அழுதா அது ஒன் வீட்டு அழுவ. நான் என் வீட்ல போயி இருக்கேன். நீ அங்கன விடு."

முடுக்கில் அவர்கள் நடந்து போகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பாய் விரித்த சத்தம். "ம்" என்று குரல் வந்தது.

அவள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வயரை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அத்தனை ஓட்டையையும் சொல்லக்கூடியவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ஓட்ட லாத்தா?"

எனக்கு எழுத்துத் தெரியாது. ஓட்டை தெரியும். மேல் வரிசையில் இடப்பக்கத்திலிருந்து நாலாவது. கையைப் பிடித்துக் காட்டினேன். மாட்டினாள். கேசட் நிறுத்திய இடத்திலேயே இருந்தது; இருபது நாளாக அவள் அதைப் பின்னாலும் ஓட்டவில்லை, முன்னாலும் ஓட்டவில்லை. இப்போது கொஞ்சம் பின்னால் ஓட்டி அமுக்கினாள். சால்வை இறங்கத் தொடங்கியது. நழுவிவிடுமோ என்று பயந்தவள் மாதிரி அந்தப் பின்னை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிவியைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் தெரியுதா மாமி?"

பதில் வர நேரமானது.

"தெரியுதுளா," என்று வந்தது. "நீ கைய எடுத்துராத. பைய ஓடட்டும்."